சிட்னியில் வென்ற இலங்கை இளைஞர்

உடல் தளர்ந்தால் உள்ளமும் தளரும் என்பது முன்னோர் கண்ட உண்மை. மற்போரும் சிலம்பமும் பயின்றோர் வழிவந்த நாம், கையுறை அணிந்து ஆடும் குத்துச்சண்டையை மேல்நாட்டார் விளையாட்டென்று ஒதுக்கிவிடுவதுண்டு. ஆயினும் பேரரசு விளையாட்டு விழாவில் இத்தீவுக்கு முதற் பொன்னைத் தேடித் தந்தது அந்த விளையாட்டே. மடவளை இளைஞர்கள் அவ்வரலாற்றை அறிதல் நன்று.

பார்னி ஹென்றிக்கஸ் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவருடைய சகோதரர்களும் குத்துச்சண்டை வீரர்களே. இத்தகைய வீட்டில் வளரும் சிறுவனுக்கு முதல் ஆசானும் முதல் எதிரியும் தமையனே. அடி வாங்கினால் அழாதிருக்கவும், வென்றால் செருக்கடையாதிருக்கவும் அவன் வீட்டு முற்றத்திலேயே கற்றுக்கொள்கிறான். ஆனால் குடும்பப் பெருமை வாயில் வரைதான் துணை வரும். கயிறு கட்டிய மேடையில் ஏறியபின் தந்தை பெயரும் தமையன் புகழும் ஒரு குத்தையேனும் தடுக்கமாட்டா. நிறை பார்க்கும் தராசும் எவர் பிள்ளையென்று கேட்பதில்லை.

1938 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அவ்விழா நடந்தது. இலங்கை அதிற் கலந்துகொண்டது அதுவே முதற்றடவை. கப்பலேறி நெடுங்கடல் கடந்து செல்லவேண்டிய காலம் அது. உணவிலும் பயிற்சியிலும் கட்டுப்பாடு குலையாமல் நிறையைக் காப்பதே வீரனுக்குப் பெருஞ் சோதனை. ஹென்றிக்கஸ் போட்டியிட்ட இறகு எடைப் பிரிவின் உச்ச வரம்பு 126 றாத்தல். மும்மூன்று நிமிடங்கொண்ட மூன்று சுற்றுகளுக்குள் தீர்ப்பு முடிந்துவிடும். இறுதிப் போட்டியில் ஸ்கொத்லாந்து வீரர் வாட்சனை வென்று அவர் தங்கப் பதக்கம் பெற்றார். எட்டு எடைப் பிரிவுகளில் ஒன்றின் வெற்றி இச்சிறு தீவுக்குக் கிட்டியது!

அடுத்த தங்கத்துக்காக 1950 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒக்லாந்து விழாவில் தடை தாண்டி ஓடி அதை வென்றவர் டங்கன் வைட். நமக்கு அண்மையிலுள்ள கண்டி திரித்துவக் கல்லூரியின் மாணவர் அவர். 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றவரும் அவரே.

குத்துச்சண்டையிலோ காத்திருப்பு இன்னும் நீண்டது. 72 ஆண்டுகள் கழித்து, 2010 இல் டில்லியில் மஞ்சு வன்னியாராச்சி தங்கம் வென்றபோது நாடே மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. தடைசெய்யப்பட்ட மருந்து அவர் உடலில் இருந்ததெனச் சோதனையிற் கண்டு, பதக்கம் பறிக்கப்பட்டு, இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற வேல்ஸ் வீரருக்கு வழங்கப்பட்டது.

ஒருவரை இகழவோ மற்றவரைப் புகழவோ இவற்றை நாம் எழுதவில்லை. வெற்றி பெறுவது அரிது. பெற்ற வெற்றி மாசின்றி நிற்பது அதனினும் அரிது. இவ்வுண்மையை இளமையிலேயே உணரவேண்டும் என்பதே நம் எண்ணம்.

எல்லோருக்கும் விளையாட்டுக் குடும்பம் வாய்ப்பதில்லை. தமையன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தமையனாக நிற்க ஒரு சங்கத்தால் முடியும். மாலை வேளையில் ஒரு மைதானமும், கண்டித்துத் திருத்தும் ஒரு பெரியவரும், தவறாது வரும் பத்துத் தோழர்களும் போதும். பெரியோர்களே, அதற்கு வழி செய்யுங்கள். இளைஞர்களே, நாளை மாலையே புறப்படுங்கள்!