நாலு கூரை, ஒரு வீடு

போன ஆவணியில ஒரு ராத்திரி, முன் அறையில தூங்கிக்கிட்டிருந்த அம்மா தலைமாட்டுல தொம்முன்னு ஒரு சத்தம். ஓடிப்போய் லைட்டைப் போட்டா, மேல் தளத்துல இருந்து ஒரு முறம் அளவுக்குக் காரை பேர்ந்து விழுந்து கிடக்கு. அம்மா பாய்க்கும் அதுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. மேலே பார்த்தா துருப்பிடிச்ச கம்பி பல்லைக் காட்டுது. அம்மா எதுவும் பேசலை. பாயைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, "நான் திண்ணையில படுத்துக்கறேன்டா. அது என் மாமனார் கட்டினது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

காலையில சென்னையில இருக்கிற பையனுக்குப் போன் பண்ணினேன். "மொத்த வீட்டையும் இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிடலாம்பா. பழைய வீடுன்னா அப்படித்தான்" என்றான். நான் சொன்னேன்: "விழுந்தது பழசு இல்லப்பா. வீட்டுலயே புதுசு எதுவோ, அதுதான் விழுந்துச்சு."

எங்க ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல. எங்க வீட்டுக்கு ஒரு கூரை இல்லை, நாலு கூரை. கொல்லையில மாட்டுக் கொட்டகை கீத்து. அடுப்படி நாட்டு ஓடு. கூடம் சீமை ஓடு. வாசல்ல திண்ணையில பாதியை எடுத்துட்டு நான் 1994-ல கட்டின அறை கான்கிரீட். டெல்டாவுல நூறு வருசமா வீடு எப்படி மாறிச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா எங்க வீட்டுக் கொல்லையில இருந்து வாசல் வரைக்கும் நடந்தாப் போதும். வாங்க, நடப்போம்.

கீத்து

தாத்தா காலத்துல வீடு முழுக்கவே கூரைதான். தென்னை மட்டையைக் குளத்துல ஊறப்போட்டு, நடுவுல ரெண்டாக் கிழிச்சு, பெண்கள் உட்கார்ந்து பின்னுவாங்க. மூங்கில் வரிச்சு மேல கீத்தைப் பரப்பிப் பனை அகணியால கட்டி, அதுக்கு மேல வைக்கோல் போட்டு மேய்வாங்க. தை, மாசியில சம்பா அறுவடை. பங்குனி, சித்திரையில கூரை வேலை. இன்னிக்கு உங்க வீடு, நாளைக்கு எங்க வீடுன்னு ஆள் மாத்தி ஆள் ஏறுவாங்க. வீட்டைப் பழுது பார்க்கிறது தனி வேலை கிடையாது. நடவு, களையெடுப்பு மாதிரி அதுவும் வருசத்துல ஒரு வேலை.

அந்தக் கூரை வயல்லேருந்து வந்தது. பழைய சம்பா நெல்லெல்லாம் நெஞ்சளவு, ஆளளவு வளரும். அந்த நீள வைக்கோல்தான் கூரை மேயத் தோதானது. 1960-கள்ல தஞ்சாவூர் மாவட்டத்துல தீவிர சாகுபடித் திட்டம் வந்தது. ஆடுதுறை 27 வந்தது. 1966-ல ஐ.ஆர். 8 வந்தது. இடுப்பளவுப் பயிர். களம் நிறைய நெல் கிடைச்சுது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா வைக்கோல் குட்டையாப் போச்சு. மாடு திங்கும், கூரைக்கு நிக்காது. பசுமைப் புரட்சி சோத்தை மாத்தினதைத்தான் எல்லாரும் எழுதுறாங்க. எங்க தலைக்கு மேல இருந்த கூரையையும் அதுதான் மாத்திச்சு. இப்போ அறுவடை மிஷின் வந்து அந்தக் குட்டை வைக்கோலும் கசங்கித்தான் வருது.

கீத்து வீடு ஜில்லுன்னு இருக்கும்னு நகரத்து நண்பர்கள் ஆசையாச் சொல்றப்போ நான் ஒண்ணு சொல்லணும். கூரை எரியும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில, உயிர் பிழைக்க ஒரு குடிசைக்குள்ள ஒண்டின 44 பேர், பெண்களும் குழந்தைகளுமா, தீ வெச்சு எரிக்கப்பட்டாங்க. எங்க ஊர்லேருந்து ரொம்பத் தூரம் இல்லை. விவசாயத் தொழிலாளிங்க ஏன் காலம் காலமாக் குடிசையிலயே இருந்தாங்க? காசு இல்லைங்கறது பாதிக் காரணம்தான். குடிசை இருந்த மனையே மிராசுதாரோடது. போன்னா போகணும். அதுல யார் செங்கல் வெச்சுச் சுவர் எழுப்புவாங்க? 1971-ல குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த மனை அவங்க பேருக்கு ஆச்சு. ஆள் மாத்தி ஆள் கூரை மேய்ஞ்ச கதையும் எங்க தெருவோட நின்ன கதைதான். அவங்க முதல்ல பண்ணை வீட்டுக் கூரையை மேய்ஞ்சுட்டு, மிச்ச வைக்கோல்ல தங்க கூரையை மேய்ஞ்சாங்கன்னு அப்பாவே சொல்லியிருக்கார்.

நாட்டு ஓடு

அடுப்படிக்குத்தான் முதல்ல ஓடு வந்தது. காரணம் நெருப்புப் பயம். நாட்டு ஓட்டைக் குயவர் சக்கரத்துல குழாய் மாதிரி வனைஞ்சு, ஈரம் காயறதுக்குள்ள நீளவாக்குல ரெண்டா அறுத்துச் சூளையில சுடுவாங்க. ஒரு ஓடு மல்லாந்து, ஒரு ஓடு கவிழ்ந்து, வரிசை மேல வரிசை. ஆணி கிடையாது, பூச்சு கிடையாது. தன் கனத்துலயே நிக்கும். பூனை ஓடினாலும் நகரும். அதனால வருசத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னாடி, பிரிச்சுத் தூசி தட்டி உடைஞ்சதை மாத்தி அடுக்கணும். எங்க அடுப்படிக்கு இன்னிக்கும் நானும் என் வீட்டம்மாவும் அதைச் செய்றோம். ஒரு நாள் வேலை. ஓடு செய்யற குயவர்தான் சுத்துவட்டாரத்துல இல்லை. இடிக்கிற வீடுகள்ல வாங்கி அடுக்கி வெச்சிருக்கேன்.

சீமை ஓடு

1977 நவம்பர் 12. நாகப்பட்டினத்தைத் தாக்கின புயல். எனக்கு எட்டு வயசு. ராத்திரி கூடத்துக் கூரை மொத்தமாத் தூக்கிக்கிட்டுப் போயிட்டு. அம்மா என்னையும் தங்கச்சியையும் நெல்லுப் பத்தாயத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல உட்கார வெச்சு மேலே சாக்கைப் போட்டாங்க. விடிஞ்சு பார்த்தா தலைக்கு மேல வானம்.

அடுத்த அறுவடைப் பணத்துல அப்பா சீமை ஓடு வாங்கினார். புதுசு வாங்க வசதியில்லை. இடிச்ச ஒரு ரைஸ்மில் ஓடு. அதுல சிலதுல பாசல் மிஷன்னு இங்கிலீஷ்ல அச்சு, கூட 1865-னு வருசம். எங்க வீட்டு ஓட்டுக்கு நூத்துப்பத்து வயசுன்னு பள்ளிக்கூடத்துல பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். பல வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அது ஓடு செஞ்ச வருசம் இல்லை, கம்பெனி தொடங்கின வருசம். பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட்ங்கற ஜெர்மன்காரர், மங்களூர் நேத்ராவதி ஆத்துக் களிமண்ணை அச்சுல அழுத்தித் தட்டை ஓடு செய்யற தொழிற்சாலையை அங்கே உண்டாக்கினார். முதல் உலகப் போர்ல ஜெர்மன்காரங்க சொத்துன்னு வெள்ளைக்கார அரசாங்கம் அதை எடுத்துக்கிட்டது. ஓடு மட்டும் நிக்கலை, தென்னிந்தியா பூரா ஏறிடுச்சு.

அதுல சூட்சுமம் ஓரத்துல இருக்கிற பள்ளமும் மேடும்தான். ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். பின்பக்கக் குமிழ் ரீப்பர்ல மாட்டிக்கும். ஒரு ஓடு ரெண்டு, ரெண்டரை கிலோ. உடைஞ்சா மேல் ஓட்டைக் கொஞ்சம் தூக்கி, உடைஞ்சதை உருவி, புதுசைச் செருகினா முடிஞ்சுது. அடியில கை மரமும் ரீப்பரும் செல்லரிக்காம இருக்கான்னு பார்த்துக்கிட்டா நம்ம ஆயுசுக்கும் வரும். 2018 நவம்பர் 16 விடிகாலையில கஜா புயல் எங்க தோப்பையே சாய்ச்சுது. கூடத்துல போனது அறுபது, எழுபது ஓடு. மூணே நாள்ல நானே மாத்தினேன். மாட்டுக் கொட்டகைக்குத்தான் அப்புறம் ரெண்டு வருசம் கீத்துக் கிடைக்கலை, தென்னையே இல்லையே.

கூடத்துச் சுவரைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா அதுல நான் ஒரு தப்புப் பண்ணினேன். மண் சாந்துல வெச்ச செங்கல், மேல கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைன்னா, வட்டமாப் பள்ளம் வெட்டி, கல் சக்கரத்துல மாட்டைப் பூட்டி, மணலும் சுண்ணாம்பும் வெண்ணெயா அரையற வரைக்கும் ஓட்டுவாங்க. வசதிக்குத் தக்க கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேரும். சுவத்து அடியில ஈரம் ஏறுதேன்னு 2006-ல மூணடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினேன். ரெண்டே மழையில ஈரம் அஞ்சடிக்கு ஏறிடுச்சு. சுண்ணாம்பு மூச்சு விடும். தரையில இருந்து ஏறுற ஈரம் அது வழியா வெளியே போயிடும். சிமெண்ட் வழியை அடைச்சதால ஈரம் மேலே மேலே தேடிப் போச்சு. அதைக் கொத்தி எடுத்துட்டு மறுபடி சுண்ணாம்பு பூசின பிறகுதான் சுவர் காய்ஞ்சுது. ஊர்ல உங்க தாத்தா வீட்டைப் பழுது பார்க்கப் போறீங்கன்னா, இதை மட்டும் மறந்துடாதீங்க.

கான்கிரீட்

சிமெண்ட் எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லை. கல்லக்குடியில ஆலை 1939-லேயே வந்துட்டு. 1953-ல ஊர்ப் பேருக்காகப் போராட்டம் நடந்துச்சே, அதே கல்லக்குடிதான். ஆனா ரொம்ப நாள் சிமெண்ட்டுக்குப் பெர்மிட் வேணும். 1982-ல பாதிக் கட்டுப்பாடு போச்சு, 1989-ல முழுசும் போச்சு. அதுக்கப்புறம்தான் எங்களை மாதிரி ஆளுங்க கடைக்குப் போய் மூட்டை கணக்குல தூக்கிட்டு வர முடிஞ்சுது. எனக்கு 1994-ல கல்யாணம். மெத்தை வீடு இல்லாத மாப்பிள்ளைன்னு பேர் வரக்கூடாதுன்னு அந்த அறையைக் கட்டினேன். "இனிமே பழுதுங்கற பேச்சே இல்லை" என்றார் அன்னிக்குக் கட்டினவர். நானும் நம்பினேன்.

தொழிலாளிங்க தெருவுக்குக் கான்கிரீட் கொஞ்சம் தாமதமா வந்தது. 2004 ஜூலை 16-ல கும்பகோணம் பள்ளிக்கூடத்துல கீத்துக் கூரை தீப்பிடிச்சு 94 குழந்தைங்க செத்தப்போ நாடே அழுதுச்சு. 2010-ல, 21 லட்சம் கூரை வீடுகளை ஆறு வருசத்துல கான்கிரீட் வீடாக்கறதுன்னு கலைஞர் வீட்டுத் திட்டம் வந்தது. 2011-ல 300 சதுர அடிப் பசுமை வீடு. அந்தத் தெருவுல முதல் தளம் போட்ட அன்னிக்கு, எங்க கொத்தனார் அண்ணனோட அம்மா விடிய விடிய மொட்டை மாடியிலயே உட்கார்ந்திருந்தாங்களாம். தீக்குப் பயப்படாம தூங்கற வீடு. அதோட மதிப்பை ஓட்டு வீட்டுக்காரன் நான் அளந்து சொல்ல முடியாது.

ஆனா கான்கிரீட்டுக்கும் பழுது உண்டு. எங்க அறையைப் பார்க்க வந்த அதே கொத்தனார் அண்ணன் விழுந்த காரையை விரல்ல நுணுக்கிப் பார்த்துட்டு, "எந்தத் தண்ணியில கலந்த தம்பி?" என்றார். போர் தண்ணி. எங்க பக்கம் போர் தண்ணி உப்பு. குளத்துல இருந்து வண்டியில தண்ணி அடிச்சா கூலி ஆகும்னு நான்தான் போர்லயே கலக்கச் சொன்னேன். உப்பு உள்ளே இருந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உப்பி உப்பிக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கீத்து மக்கினா நிறம் மாறும். ஓடு உடைஞ்சா அன்னிக்கே சொட்டும். இது முப்பது வருசம் வாயைத் திறக்காம இருந்துட்டு, ஒரு ராத்திரி அம்மா தலைமாட்டுல விழுந்துச்சு.

எங்க வீடு மட்டும் இல்லை. 2001-க்கு முன்னாடி அரசுத் திட்டங்கள்ல கட்டின வீடுகளைப் பழுது பார்க்கவே 2024-ல தமிழக அரசு தனித் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. பக்கத்துத் தெருவுல பல வீட்டுல மேல் தளம் இப்படித்தான் இருக்கு. தீயில இருந்து தப்பி வந்தவங்க இப்போ மேலே பார்த்துக்கிட்டே படுக்கறாங்க. கூரை மேயத் தெரிஞ்ச அந்தக் கைகளுக்குக் கம்பி வேலை தெரியாது. தெரிஞ்ச ஆளைக் கூப்பிடக் காசு கிடையாது.

மழைக்காலம் பூரா சவுக்குக் கட்டையால முட்டுக் குடுத்து அறையைப் பூட்டி வெச்சோம். தையில பையன் பொங்கலுக்கு வந்தப்போ வேலையைத் தொடங்கினோம். பொலபொலத்த காரையைக் கம்பி தெரியற வரைக்கும் கொத்தி எடுத்தோம். கம்பிக்குப் பின்னாடியும் விரல் போற அளவுக்குக் குடையணும், இல்லேன்னா துரு மறுபடி வரும். கம்பிப் பிரஷ்ஷால தேய்ச்சு, துருவுக்கான மருந்து பூசி, பாதிக்கு மேல தேய்ஞ்ச மூணு கம்பிக்குப் பக்கத்துல புதுக்கம்பி கட்டி, குளத்துத் தண்ணியில கலந்த கலவையை அப்பினோம். உப்பு மொத்தமாப் போயிடாது, இன்னும் பத்துப் பன்னிரண்டு வருசம் தாங்கும்னு அண்ணன் சொன்னார். வருசா வருசம் சுத்தியலால தட்டிப் பார்க்கணும், டொக்குன்னு வெத்துச் சத்தம் கேட்டா உடனே கொத்தணும்னும் சொன்னார்.

அன்னிக்கு அவர் சொன்னதுல எனக்கு ஒண்ணு விளங்கிச்சு. ஒவ்வொரு கூரை வரும்போதும் பழுது குறைஞ்சுதுன்னு நினைச்சோம். குறையலை. வருசா வருசம் வந்த சின்னப் பழுது, முப்பது வருசத்துக்கு ஒரு தடவை பெருசா வருது. இடையில பழுது பார்க்கற கை நம்மகிட்ட இல்லாமப் போச்சு.

பையன் இடிக்கிற பேச்சை விட்டுட்டான்னு சொல்ல மாட்டேன். "அறைக்குப் பத்து வருசம் கெடு குடுத்திருக்கேன்"ங்கறான். கிளம்பறதுக்கு முதல் நாள் அவனைக் கூடத்துக் கூரை மேல ஏத்தினேன். ஓட்டு மேல மிதிக்காம, கை மரம் இருக்கிற இடமாப் பார்த்துக் காலை வைக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். ரெண்டு ஓட்டை உடைச்சான், அப்புறம் அஞ்சு ஓட்டை ஒழுங்கா மாத்தினான். கீழே திண்ணையில உட்கார்ந்திருந்த அம்மா, "இப்போ சொட்டாதுல்ல?"ன்னு அண்ணாந்து கேட்டாங்க.

அறை சரியாயிட்டு, வெள்ளையும் அடிச்சாச்சு. அம்மா இன்னும் திண்ணையிலதான் படுக்கறாங்க.