கதிரையின் பெயரும் ஓடாவியின் கையும்

எமது வீடுகளில் உள்ள தளபாடங்களின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பார்த்தால் இத்தீவின் நானூறு ஆண்டுகால வரலாறு நாவில் புரளக் காணலாம். மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். அவற்றைப் போட்டு வைக்கும் விறாந்தையும் அவ்வாறே வந்தது. மேசையின் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. தமிழகத்தார் நாற்காலி என்று வழங்குவதை நாம் இன்றும் கதிரை என்றே அழைக்கின்றோம்.

சொற்கள் வெளியிலிருந்து வந்தமையால் பொருளும் வெளியிலிருந்தே வந்தது என்று எண்ணிவிடுகிறோம். மரத்தை அறுத்து, கடைந்து, செதுக்கியவன் யார் என்ற கேள்வி எழுவதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காததால் விளைந்த வேடிக்கையான தவறொன்று இங்கிலாந்தின் கலை வரலாற்றிலேயே உண்டு.

18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் பழம்பொருட்களில் பெரும் பித்துக் கொண்டவர். லண்டனுக்கு அருகே ட்விக்கன்ஹாமில் அவர் கட்டிய ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகைக்குக் கருங்காலிக் கதிரைகளைத் தேடித் தேடி வாங்கினார். முறுக்கிக் கடைந்த கால்களும், பூவும் கொடியும் செதுக்கிய முதுகும் கொண்ட கரிய கதிரைகள் அவை. எட்டாம் ஹென்றியின் அமைச்சராயிருந்த கர்தினால் வுல்சியின் பெயரோடு தொடர்புபட்ட எஷர் மாளிகையில் அத்தகைய கதிரைகளைக் கண்டிருந்த வால்போல், அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்று முடிவு கட்டினார். அவர் சொன்னதை அடுத்த தலைமுறையினர் வேதவாக்காகக் கொண்டனர். வார்விக்ஷயரின் சார்ல்கொட் மாளிகைக்கு 1837இல் ஒரு கருங்காலித் தளபாடத் தொகுதி வாங்கப்பட்டபோது, அது முதலாம் எலிசபெத் அரசி 1575இல் லெஸ்டர் பிரபுவுக்கு அளித்த பரிசு என்ற கதையும் சேர்ந்தே வந்தது.

உண்மையில் இக்கதிரைகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. எலிசபெத் 1603இலேயே இறந்துவிட்டார். இவை செய்யப்பட்ட இடமோ தேம்ஸ் நதிக்கரை அன்று, சோழமண்டலக் கரை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பழவேற்காட்டிலும் நாகபட்டினத்திலும் நிலைகொண்டிருந்த காலத்தில், அக்கரையின் கைவினைஞர் ஐரோப்பியர் கேட்ட வடிவத்தில் தமது கைப்பழக்கத்தைப் புகுத்திச் செய்தவை இவை. செதுக்கு வேலையை உற்று நோக்கினால் தேவதூதரின் சிறகு முளைத்த தலைக்குப் பக்கத்தில் கிளியும், பாதி மீனும் பாதி பெண்ணுமான உருவமும் இருக்கக் காணலாம்.

இதனை அறிய அன்றே வழி இருந்தது. கம்பனியின் ஊழியராக அம்போன் தீவில் வாழ்ந்து 1702இல் மறைந்த தாவரவியலாளர் றம்பியஸ், கருங்காலி மரத்தைப் பற்றி எழுதும்போது, சோழமண்டலக் கரையில் அம்மரத்தால் கதிரைகளும் வாங்குகளும் சிறு மேசைகளும் செய்யப்படுவதைக் குறிப்பிட்டிருந்தார். அந்நூல் 1741 முதல் அச்சில் வெளிவந்தது. வால்போல் கருங்காலிக் கதிரைகளைத் தேடி அலைந்த காலத்தில் உண்மை நூலகத்தில் இருந்தது. அழகான பொருள் தம்முடையதாகவே இருக்கும் என்ற எண்ணம் அதனைத் தேடவிடவில்லை. அமீன் ஜாஃபர் 2001இல் வெளியிட்ட பிரித்தானிய இந்திய, இலங்கைத் தளபாடங்கள் பற்றிய நூல் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது.

கதிரைகள் மேற்கே கப்பலேறிய அதே காலத்தில் அக்கரையின் மனிதர்கள் தெற்கே கப்பலேற்றப்பட்டனர். தஞ்சைப் பகுதி படையெடுப்புகளால் சீரழிந்து பஞ்சத்தில் வாடிய 1659 – 1661 காலப்பகுதியில் கம்பனி நாகபட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பிற இடங்களிலும் எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் வரையிலான அடிமைகளை வாங்கியது. அவர்களுள் பெரும்பாலானோர் கொண்டுவரப்பட்ட இடம் இலங்கை. ஒரு கரையின் கதிரை மாளிகையில் அமர்ந்தது. அதன் மக்கள் விலைப்பட்டியலில் அமர்ந்தனர். ஒல்லாந்தர் காலத்துக் கலையழகைப் பேசும்போது இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

கம்பனியின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையிலும் தளபாடத் தொழில் செழித்தது. கருங்காலி, முதிரை, பலா, தேக்கு என்பவற்றோடு, இத்தீவுக்கே உரியதும் சிங்களத்தில் கலுமெதிரிய எனப்படுவதுமான வரிமரமும் உளிக்குக் கிடைத்தது. அக்காலத்து வடிவங்களுள் புகழ்பெற்றது, வட்டமான பிரம்பு இருக்கையும் ஆறு கால்களும் அரைவட்ட முதுகும் கொண்ட ‘பர்கோமாஸ்டர்’ கதிரை. பர்கோமாஸ்டர் என்றால் நகரத் தலைவர். ஐரோப்பியர் பிற்காலத்தில் இட்ட பெயர் அது. அமர்ந்தவரின் பதவி கதிரையின் பெயராயிற்று. செய்தவருக்கு அதில் இடமில்லை. பிரம்பு பின்னும் வேலையும் ஆசியாவிலிருந்தே 1660களில் இங்கிலாந்துக்குச் சென்று அங்கே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது.

கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த ஜோசப் பியர்சனும், பின்னர் ஆர்.எல். புரோகியரும் இத்தளபாடங்களை ஆராய்ந்து எழுதினர். புறக்கோட்டையில் 1982இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால நூதனசாலையில் இவை சேர்க்கப்பட்டன. இவ்வளவு நடந்தும் அவை ‘ஒல்லாந்தத் தளபாடங்கள்’ என்றே அறியப்படுகின்றன.

வால்போலைக் குறை கூறுவது எளிது. நாம் மட்டும் என்ன செய்தோம்? 19ஆம் நூற்றாண்டில் காலி நீராவிக் கப்பல்களின் தங்குதுறையாக விளங்கிற்று. 1880களில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் எழும்பும்வரை அப்பெருமை நீடித்தது. கரையிறங்கிய பயணிகளிடம் இரத்தினக்கல்லும், ஆமையோட்டுச் சீப்பும், கருங்காலிப் பெட்டியும் விற்றவர்களுள் எமது மக்கள் முன்னணியில் நின்றனர். அந்த வர்த்தகப் பரம்பரைகளைப் பற்றி நாம் பெருமையோடு எழுதுகிறோம். அவர்கள் விற்ற பெட்டியைச் செய்த ஓடாவியைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. ஊர்களின் வரலாற்றை எழுதும்போதும் பள்ளிவாசலுக்கு நிலம் வழங்கியவர் பெயரைத் தவறாமல் பதிகிறோம். மிம்பரைச் செதுக்கியவர் பெயரைத் தேடுவதில்லை.

வரிமரம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏறக்குறைய வெட்டித் தீர்க்கப்பட்டது. மொறட்டுவையின் பட்டறைகளில் பழைய வடிவங்கள் மீண்டும் மீண்டும் செய்யப்பட்டு வீடுகளையும் விடுதிகளையும் அலங்கரித்து வந்துள்ளன. மறுபுறம், தூள் அழுத்திய பலகையும் பிளாஸ்டிக்கும் ஊர் ஓடாவியின் முற்றத்தை வெறுமையாக்கி வருகின்றன. தகப்பனின் உளியை மகன் எடுக்காத வீடுகள் பல. கருங்காலிக் கதிரையைச் செய்தவரின் பெயரை இனி நாம் மீட்க முடியாது. ஆனால், எமது ஊரில் கடைசல் பிடிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இன்னும் இருப்பாராயின் அவரது பெயரையும், அவர் கருவிகளுக்கு வழங்கும் பெயர்களையும், எந்த மரத்தை எதற்கு எடுப்பார் என்பதையும் எழுதி வைப்பது எமது கையிலேயே உள்ளது. எழுதுபவர்கள் என்று எம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய வேலை அது.