இருவர் மிதிக்கும் வண்டி

கணினித் திரையின்வழி இரு நாட்டு மாணவர் ஒருவர்க்கொருவர் மொழி கற்பிப்பதை இக்காலப் புதுமை என்றே நாம் எண்ணுகிறோம். அதன் வேர் கணினிக்கு முந்தியது. 1963ஆம் ஆண்டின் எலிசே உடன்படிக்கை, நெடுநாள் பகைவராயிருந்த பிரான்சையும் மேற்கு ஜெர்மனியையும் நட்பில் பிணைத்தது. அதையொட்டிப் பெருகிய இளையோர் சந்திப்புகளில் இருநாட்டவரும் இணை இணையாய் அமர்ந்து மொழி பயின்றனர். இருவர் சேர்ந்து மிதிக்கும் மிதிவண்டிக்குரிய 'டேண்டம்' என்ற பெயரே அம்முறைக்கும் அமைந்தது.

தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் திறனைத் தன்னாட்சி என 1981இல் வெளிவந்த தம் நூலில் வரையறுத்தார் ஆன்ரி ஒலெக். அத்திறன் பிறவியில் வாய்ப்பதன்று, பயின்று பெறுவது என்றும் கூறினார். பலர் முற்பகுதியை மட்டுமே நினைவில் வைத்துள்ளனர்.

1990களில் ஜெர்மனியின் ரூர்ப் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் பிராமர்ட்சும் அவர்தம் குழுவினரும் டேண்டம் முறையை மின்னஞ்சலுக்குக் கொணர்ந்தனர். மடலில் பாதி தாய்மொழியில், பாதி கற்கும் மொழியில் என்பது நெறி. தாய்மொழிப் பகுதி துணைவருக்கு முன்மாதிரி. மறுபகுதி எழுதியவருக்குப் பயிற்சி. எத்தகைய பிழைகளைத் திருத்த வேண்டும் என்பதைக் கற்பவரே துணைவருக்குச் சொல்வார். (துணைவர் ஆசிரியரல்லர், தம் மொழியின் இலக்கணத்தை விளக்கத் தடுமாறுவது இயல்பே.) இருவரும் எளிது கருதி ஆங்கிலத்துக்கே தாவினால் பரிமாற்றம் அங்கேயே முறியும். தமிழைக் கொடுக்க அமரும் நம் மாணவர்க்கும் இச்சோதனை உண்டு.

2006இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகம் தொடங்கிய 'டெலிடேண்டம்' திட்டம், முகம் பார்த்துப் பேசும் வசதியைச் சேர்த்தது. உரையாடலுக்குப்பின் மாணவர் வழிகாட்டி ஆசிரியரோடு அமர்ந்து, எது கைகூடியது, எது நழுவியது என்று பேசுவதற்கும் அதில் இடமிருந்தது.