முகமில்லாத வீரன்

சண்டை போடும் வீடியோ விளையாட்டுக்குத் தென்னமெரிக்கக் கௌச்சோ ஒருவனை உருவாக்குவது சுலபம். இடக்கையில் கேடயமாய்ச் சுற்றிய போன்சோ போர்வை, வலக்கையில் நீண்ட கத்தி, இடுப்பில் மாட்டின் காலைச் சுற்றி வீழ்த்தும் கல்லுருண்டைக் கயிறு. 1872-இல் ஹோஸே எர்னாந்தெஸ் எழுதிய 'மார்த்தீன் பியர்ரோ' காவியம் அவனுக்குக் குரலும் கொடுத்துவிட்டது.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் மாட்டு வீரனுக்கு என்ன இருக்கிறது? ஒரு கல் இருக்கிறது. தேனி மாவட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு செய்தி: பேடு என்னும் ஊரின் தீயன் அந்தவன், கூடலூர் ஆகோளில் மாண்டான். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். அந்த ஊர் கம்பத்தை அடுத்த கூடலூர்தான் என்று அறிஞர் கருதுகிறார்கள்.

கல்லில் உருவம் இல்லை. வேலா, வில்லா என்ற குறிப்பில்லை. மாட்டைக் கவரப் போனானா, மீட்கப் போனானா என்றும் அது சொல்லவில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது காத்து வைத்திருப்பது ஒரு பெயரைத்தான்.

என்னைக் கேட்டால், சித்திரக்காரர் அவன் கையில் எந்த ஆயுதத்தை வேண்டுமானாலும் கொடுக்கட்டும். மீசையை எப்படி வேண்டுமானாலும் முறுக்கட்டும். பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். அவன் ஜனங்கள் அவனுக்கென்று வெட்டி வைத்தது அது ஒன்றுதான்.