கங்காரு வாலும் கிண்டி வளாகமும்

நான் பி.காம். மாணவன். பயோகெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. போன வாரம் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில், பயோகெமிஸ்ட்ரி படிக்கும் நண்பனின் நோட்டைப் புரட்டியபோது ஒரு படம் கண்ணில் பட்டது. சதுரத்துக்குள் இரண்டு மூன்று தீவுகள் மாதிரி. கீழே 'ராமச்சந்திரன் பிளாட்' என்று இருந்தது. "யாருடா இது, நம்ம ஆளா?" என்றேன். "தெரியல, அஞ்சு மார்க் கொஸ்டின்" என்றான். அந்த அஞ்சு மார்க்கைத் தோண்டப் போய்க் கிடைத்த கதை இது.

ஜி.என்.ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். ஆனால் படித்தது நமக்குப் பக்கத்தில்தான், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ், இயற்பியல். பிறகு பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி, அப்புறம் கேம்பிரிட்ஜ்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறை தொடங்கியது. துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் ராமனைக் கூப்பிட்டார். ராமன், தான் வராமல், தன் மாணவரைக் கைகாட்டினார். முப்பது வயதை ஒட்டிய ஒருவர் துறைத் தலைவர்!

எதை ஆராய்வது? சென்னை வந்த ஜே.டி.பெர்னல் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, கொலாஜன் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் புரதம் அது. பக்கத்திலேயே, அடையாறில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே! அவர்கள் மூலம் கிடைத்தது கங்காரு வால் தசைநாண். அதில் எக்ஸ்-ரே பாய்ச்சிப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு. 1955-ல் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்றார். நம்ம ஊர் முப்புரிக் கயிறேதான். ஒவ்வொரு புரியும் இடப்பக்கம் முறுக்கு, மூன்றும் சேர்ந்தது வலப்பக்கம் முறுக்கு. கயிறு பிரிந்துவிடாமல் இருப்பதும் இப்படி எதிரெதிர் முறுக்கால்தான். புரதச் சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் ஏன் என்பதற்கும் இதில் பதில் இருந்தது. நடுவில் இருக்கும் இடுக்கில் நுழையக்கூடிய அளவு சின்னது அது ஒன்றுதான்.

சுபம் போடலாம் என்றால், வந்தார்கள் ரிச்சும் கிரிக்கும். (ஆமாம், டி.என்.ஏ. கிரிக்கேதான்.) அதே 1955-ல், மூன்று இழை சரி, ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் தாங்க முடியாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்பும் இரண்டு அல்ல, ஒன்றுதான் என்றார்கள். பிணைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னதுதான் பின்னால் ஏற்கப்பட்டது. மூலக் கருத்து சென்னையுடையது, பேர் பாதி வெளியே போய்விட்டது. எனக்கு இது வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை.

ராமச்சந்திரன் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். எவ்வளவு நெருங்கினால் 'ரொம்ப நெருக்கம்', அதை யார் நிர்ணயித்தது என்று கேட்டார். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளைத் தேடி, அணுக்கள் எந்த அளவு வரை நெருங்குகின்றன என்று கணக்கெடுத்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு. எந்தெந்தக் கோணச் சேர்க்கையில் அணுக்கள் இடித்துக்கொள்ளாது? சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் என்ற இரு மாணவர்களோடு, மேசைக் கால்குலேட்டரில் தட்டித் தட்டிப் போட்ட கணக்கு அது. 1963-ல் வெளியானது. இடிக்காத பகுதிகள்தான் அந்தத் தீவுகள். எந்த நாட்டில் யார் புதிதாகப் புரத அமைப்பு கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இன்றைக்கும் இந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். கிரிக் குறை சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் படம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

முதலியார் 1969-ல் துணைவேந்தர் பதவியிலிருந்து போனார். அடுத்த ஓரிரு வருடத்தில் ராமச்சந்திரனும் பெங்களூர் போய், இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கிவிட்டார். நோபல் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார். கங்காரு வால் கொடுத்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "கங்காரு வால் எல்லாம் எழுதினா மார்க் வருமா?" என்று கேட்கிறான் :-)