எதிரேறும் மீன்களின் வரலாறு

வைகைக் கரையில் எதிரேற்றம் என்பது பழஞ்சொல். ஆற்றில் இட்ட ஏடு நீரோட்டத்தை எதிர்த்துச் சென்று கரை சேர்ந்ததாகத் திருஞானசம்பந்தர் வரலாறு கூறும். அது சேர்ந்த இடமே சோழவந்தானை அடுத்த திருவேடகம் என்பது ஊர்ப்பெயர் சொல்லும் மரபு. ஏடு ஏறியது ஒருமுறை. மீன் ஏறியதோ ஆண்டுதோறும். புதுவெள்ளம் கலங்கி இறங்கும் நாளில், கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஓட்டத்தை எதிர்த்து ஓடை, மடை, வயல் என ஏறிச் சென்று முட்டையிடும். நாட்டுப்புறத்தார் அதனை அறிவர். மழை விழுந்த இரவில் விளக்கேந்தி மடைவாயில் காத்திருந்தோர் பலர்.

இவ்வெதிரேற்றத்தின் பேருருவத்தை வட அமெரிக்க ஆறுகளின் சால்மன் மீனிடம் காணலாம். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பும் இயல்பினது அது. கடற்பரப்பில் சில ஆண்டுகள் அலைந்த மீன் தன் ஓடையை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்னும் வினாவுக்கு, 1950களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர் விடை கண்டார். மலைப்பாதையில் ஏறுகையில் அருவிப்பாசியின் மணம் தம் இளமை நினைவுகளை எழுப்பியதே அவ்வாய்வுக்குத் தூண்டுகோல் என்று அவர் குறித்துள்ளார். ஒவ்வோர் ஓடையின் மண்ணும் செடியும் அதன் நீருக்குத் தனி மணம் தருகின்றன. குஞ்சுப் பருவத்தில் பதிந்த அம்மணமே முதிர்ந்த மீனை வழிநடத்துகிறது. பிறந்த மண்ணின் வாசனை என்று கவிஞர் பாடுவது மீனுக்கு வாழ்க்கையாகவே அமைந்துவிட்டது.

தமிழகத்திலும் கடலிலிருந்து ஆறேறும் மீன் உண்டு. வங்காளத்தார் இலிசு எனப் போற்றுவதைத் தமிழக மீனவர் 'உள்ளம்' என்பர். பெயரிலேயே கவிதை கொண்ட இம்மீன் வெள்ளக்காலத்தில் கொள்ளிடத்தின் வழியே காவிரிக்குள் ஏறியது. 1830களில் ஆர்தர் காட்டன் அமைத்த அணைகளால் தஞ்சை வளம் பெற்றது. மீனின் பாதையோ கீழணையில் தடைப்பட்டது. 1871இல் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக அமர்ந்த பிரான்சிஸ் டே, அணைக்கட்டுகள் ஆற்றுமீன்களுக்கு விளைக்கும் கேட்டினை 1873ஆம் ஆண்டு அறிக்கையில் அரசுக்கு எடுத்துரைத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சர் பிரடெரிக் நிக்கல்சன் தோற்றுவித்த சென்னை மீன்வளத் துறையினர் கீழணையில் மீன்படிகளையும் செயற்கைக் கருவூட்டலையும் முயன்று பார்த்தனர். படிகள் பயன் தரவில்லை. சால்மன் துள்ளித் தாவும், உள்ளம் தாவாது. மேலைநாட்டு மீனுக்கென வகுத்த படி கீழைநாட்டு மீனுக்குப் பொருந்தவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்து வெள்ளத்தைத் தன்பால் தேக்கிக்கொண்டபின், காவிரியில் உள்ளத்தின் வரவு மேலும் சுருங்கியது. கங்கையிலும் இதே கதை நிகழ்ந்தது. அலகாபாத்தையும் கடந்து ஏறிய இலிசு, 1975இல் பராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின் அப்பகுதிகளில் அரிதாயிற்று.

இவ்வரலாற்றின் ஒளியில் கம்பம் பள்ளத்தாக்கை நோக்குதல் தகும். இங்குச் சால்மன் இல்லை. உள்ளத்தின் பேரேற்றத்துக்கும் வைகை உரிய ஆறன்று. பெருவெள்ளக் காலங்களிலன்றி அதன் நீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். இறைவனுக்கு நஞ்சளித்த கடலை வெறுத்தே வைகை அதனுள் புகவில்லை என்று புலவர் கற்பனை செய்ததும் இதனாலேயே. இங்குள்ள மீன்களின் பயணம் குறும்பயணம். ஆற்றிலிருந்து ஓடைக்கும், தாழ்விலிருந்து மேட்டுக்குமாக அமைவது. பயணம் குறுகியது என்பதால் அதன் தேவை குறைந்துவிடுவதில்லை.

பள்ளத்தாக்கின் அணைகளோ பசியின் வரலாற்றிலிருந்து எழுந்தவை. மேற்கே வீணாகும் நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணத்தை 1789இலேயே சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆராய்ந்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சம் அத்திட்டத்தைத் தவிர்க்க இயலாததாக்கியது. 1887இல் தொடங்கிப் பல இடர்களைக் கடந்து பென்னிகுக் எழுப்பிய பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. குகைவழி கடந்து இறங்கும் அந்நீர் வைரவனாற்றில் கலந்து, முல்லையாறாய் உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக ஓடி வைகையை அடைகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதனால் விளைகிறது. 1959இல் ஆண்டிபட்டி அருகே 111 அடி உயர வைகை அணை எழுந்தது. பென்னிகுக் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கும் மக்களிடம், அணையை ஆற்றின் பகை என்று எவரும் கூறிவிட இயலாது.

எனினும் கணக்கின் மறுபக்கமும் எழுதப்படவேண்டும். ஓடும் நீர் நிற்கும் நீரானபோது ஓட்டத்துக்குரிய மீன்கள் ஓடைகளில் ஒதுங்கின. சென்னை மீன்வளத் துறையின் சுந்தரராஜ் 1941இல் அறிவியல் உலகுக்கு அறிவித்த அரிய மீனினம் ஒன்று, பெரியாற்று ஏரியையும் அதற்கு நீர் தரும் ஓடைகளையும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. வெளியிலிருந்து வந்த திலேப்பியாவும் சாதாக்கெண்டையும் ஏரியில் பெருக, அது மேலோடைகளில் எஞ்சி வாழ்கிறது.

தடை நீங்கினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் எல்வா ஆறு அண்மைச் சான்று. 1913இலும் 1927இலும் அங்கே முடிக்கப்பட்ட இரு அணைகளிலும் மீனுக்கு வழியில்லை. 70 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஆற்றில் கடைசி 8 கிலோமீட்டரே சால்மனுக்கு எஞ்சியது. ஆற்றங்கரைப் பழங்குடியினரான கிளாலம் மக்களின் நெடிய போராட்டத்தின் பயனாக 1992இல் சட்டம் இயற்றப்பட்டு, 2011 முதல் 2014 வரை அணைகள் அகற்றப்பட்டன. தேங்கிக் கிடந்த சுமார் 2 கோடி கனமீட்டர் வண்டலில் பெரும்பகுதி இறங்கி, அரித்துப்போன கழிமுகத்தில் புதிய கரை உருவாயிற்று. கீழணை நீங்கிய 2012இலேயே சால்மன் அதன் இடத்தைக் கடந்து ஏறியது. அதனினும் வியப்பு ஒன்றுண்டு. அணைக்கு மேலே சிக்கி, தலைமுறைகளாக நன்னீரிலேயே தங்கிப்போன வானவில் மீன்களின் வழித்தோன்றல்கள் சில, வழி திறந்ததும் கடலுக்குச் சென்று திரும்பின. நூறாண்டு அடைப்பும் அவற்றின் குருதியிலிருந்து கடலை அழிக்கவில்லை. கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் நீங்கிய 2024ஆம் ஆண்டின் அக்டோபரிலேயே, 1912க்குப் பின் முதன்முறையாக ஒரிகான் மாநிலத்து மேற்பகுதியில் சால்மன் காணப்பட்டது.

இவ்வெற்றியை அப்படியே பெயர்த்துக் கம்பம் பள்ளத்தாக்கில் நடுதல் அறிவுடைமை ஆகாது. எல்வா அணைகள் மின்சாரத்திற்கென எழுந்தவை. அதற்கு மாற்று உண்டு. முல்லையாற்று நீரை உண்டு வாழும் வயலுக்கு மாற்று இல்லை. இரு மாநிலங்கள் வழக்காடும் ஓர் அணையின் பெயரை மீனுக்காக இழுப்பதும் முறையன்று. ஆனால் இடிப்பதும் அடைப்பதும் மட்டுமே வழிகள் அல்ல. ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில், சால்மனைப் பார்த்துக் கட்டிய பழைய படிகள் உள்நாட்டு மீன்களுக்கு உதவவில்லை. கீழணையின் பாடமே அங்கும். 2001 முதல் அந்நாட்டார் தம் மீன்களின் நீச்சல் வலிமையை அளந்து, அதற்கேற்ற மென்சரிவுப் பாதைகளைத் தடுப்பணைதோறும் அமைத்தனர். கடல் முதல் ஹ்யூம் அணை வரை 2,225 கிலோமீட்டர் ஆறு மீனுக்குத் திறந்தது.

பள்ளத்தாக்கின் பேரணைகள் நிற்கட்டும். கிளையோடைகளின் குறுக்கே நிற்கும் சிறு தடுப்பணைகளில், ஒரு பக்கத்தில் கல் பரப்பிய சரிவொன்று அமைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. முதல் மழை இறங்கும் சில நாட்களேனும் ஓடையில் நீர் அறாது விடுதலும், அந்நாட்களில் முட்டை தாங்கி ஏறும் மீனைப் பிடியாதிருத்தலும் இயலாத செயல்கள் அல்ல. அதற்கு முன்னதாகச் செய்யவேண்டியது, எந்த மீன் எந்த ஓடையில் எந்த மாதத்தில் ஏறியது என்பதை அறிந்த முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல். கடலை மறவாத எல்வா மீனைப்போல அவர்கள் நினைவில் ஆறு இன்னும் ஓடுகிறது. அந்நினைவு மறையுமுன் ஏட்டில் ஏறுமாயின், மீன் ஓடையில் ஏறுவதற்கும் ஒரு வழி பிறக்கும்.