துப்பாக்கி வியாபாரமும் பணப் பரிவர்த்தனை மறுப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உரிமம் பெற்றுத் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கும் வியாபாரிகளுக்கு, கடன் அட்டை வழியாகப் பணம் பெற்றுத்தரும் ஸ்தாபனங்கள் தம் சேவையை மறுக்கும் வழக்கம், சென்ற கால் நூற்றாண்டில் படிப்படியாக உருவாயிற்று. எந்தச் சட்டசபையும் விதிக்காத இத்தடை, ஒப்பந்த நிபந்தனைகளுள் ஒன்றாகப் பிறந்து, பின்னர் தேசிய விவகாரமாக வளர்ந்தது.

வாடிக்கையாளர் அட்டையைத் தேய்த்ததும் பணம் நேரே கடைக்காரரிடம் வந்துவிடுவதில்லை. அட்டை வழங்கிய வங்கி, விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனம், கடைக்காரரின் வங்கி, இவற்றை இணைத்துக் கணக்கை நடத்தும் இடைநிலை நிறுவனம் என்று பல கை மாறியே வருகிறது. இவர்களுள் ஒருவர் மறுத்தாலும் வியாபாரம் தடைப்படும். அவ்வாறு மறுக்கப்பட்டவர், அபாயம் மிகுந்த வியாபாரம் என்ற முத்திரையோடு கூடுதல் கட்டணம் கேட்கும் நிறுவனங்களையே நாட நேர்கிறது.

ஏல வணிகத் தளமான ஈபே 1999-இல் துப்பாக்கி விற்பனையை விலக்கியது. 2002-இல் அது வாங்கிய, இணையவழிப் பணப் பரிவர்த்தனை நிறுவனமான பேபாலின் விதிகளிலும் இத்தகைய விலக்கு இடம்பெற்றது. அட்டைப் பணம் பெற்றுத்தரும் ஸ்கொயர் நிறுவனம் 2013-இல் இதே வழியை மேற்கொண்டது. இதனிடையே, வங்கி வைப்புகளுக்குக் காப்பீடளிக்கும் மத்திய அரசுக் கழகம் 2011-இல் வெளியிட்ட அபாயப் பட்டியலில் துப்பாக்கி, தோட்டா விற்பனையும் இடம்பெற்றிருந்தது. மோசடிக்காரர்களுக்கு வங்கி வழியை அடைக்கும் நோக்குடன் நீதித்துறை 2013-இல் தொடங்கிய 'சோக் பாயின்ட்' நடவடிக்கையும் சேர்ந்துகொள்ள, தங்கள் கணக்குகள் காரணமின்றி மூடப்படுவதாகத் துப்பாக்கி வியாபாரிகள் முறையிடலாயினர். பட்டியல் 2014-இல் விலக்கப்பட்டது; நடவடிக்கை முடிந்துவிட்டதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது.

2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலத்துப் பார்க்லாண்ட் பள்ளியில் 17 உயிர்கள் பலியான கொடுமை, விவகாரத்தின் போக்கையே மாற்றிற்று. 21 வயது நிரம்பாதோர்க்கும், பின்னணிச் சோதனையில் தேறாதோர்க்கும் விற்கலாகாது என்று சிட்டி வங்கி தன் வியாபார வாடிக்கையாளர்களுக்கு மார்ச்சில் நிபந்தனை விதித்தது. அவ்வாண்டே அரிஸோனாவிலுள்ள கன்சைட் என்னும் பயிற்சிப் பள்ளிக்கு இன்ட்யூட் நிறுவனம் பணப் பரிவர்த்தனைச் சேவையை நிறுத்தியது. துப்பாக்கிகள் வாங்குவோரின் வீட்டுக்கே அனுப்பப்படுகின்றன என்று எண்ணி நிறுத்திவிட்டார்கள் என்பது பள்ளியின் முறையீடு. உண்மையில், வெளிமாநிலத்தார் வாங்கும் துப்பாக்கி, அவரது ஊரிலுள்ள உரிமம் பெற்ற விற்பனையாளரிடமே அனுப்பப்படல் வேண்டும். அங்கே படிவம் நிரப்பிச் சோதனை முடிந்த பின்னரே அது கைக்கு வரும். ஒரு தொழிலின் நடைமுறையைச் சரிவர அறியாமலே அதன் ஜீவனத்தைத் துண்டிக்கும் அதிகாரம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர் கையில் இருப்பது அநீதி என்பதில் ஐயமில்லை.

துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரும் மறுதரப்பின் வேதனையும் லேசானதன்று. 2016-இல் ஆர்லாண்டோ கேளிக்கை விடுதியில் 49 பேரைக் கொன்றவன், அதற்கு முந்திய சில நாட்களில் கடன் அட்டைகளில் 26,000 டாலருக்கு மேல் செலவிட்டிருந்தான் என்று நியூயார்க் டைம்ஸ் பின்னர் வெளியிட்டது. அத்தகைய கொள்முதலைக் கண்டறிய உதவும் என்ற நம்பிக்கையோடு அமால்கமேட்டட் வங்கி கோரியதன் பேரில், துப்பாக்கிக் கடைகளுக்கென்று 5723 என்னும் தனிக் குறியீட்டை 2022 செப்டம்பரில் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு அங்கீகரித்தது. ஆயினும் கடையின் வகையைக் கூறுமேயன்றி, வாங்கிய பொருள் இன்னதென்று அக்குறியீடு காட்டாது. எதிர்ப்பு வலுக்கவே அட்டை நிறுவனங்கள் 2023 மார்ச்சில் அதனை நிறுத்திவைத்தன. அதன் பின் கலிபோர்னியா அதனைக் கட்டாயமாக்கவும் புளோரிடா தடைசெய்யவும், ஒரே செயல் ஒரு மாநிலத்தில் கடமையாகவும் மற்றொன்றில் விதிமீறலாகவும் ஆயிற்று.

நிதி நிறுவனங்கள் வழியாக அழுத்தம் தரும் இப்பிரச்சினை நீதிமன்றத்தையும் எட்டியது. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கத்தின் கருத்தை ஒடுக்கும் நோக்கில், அதனோடு தொடர்பு கொண்ட காப்பீட்டு நிறுவனங்களை அரசு அதிகாரிகள் வற்புறுத்துவது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2024 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. சிட்டி வங்கி தன் நிபந்தனையை 2025 ஜூனில் கைவிட்டது. சட்டபூர்வமான தொழில்களுக்கு வங்கிச் சேவை மறுக்கப்படலாகாது என்று ஆகஸ்டில் ஜனாதிபதி ஆணையும் பிறந்தது.